பெட்டிக்குள் இருந்த 120 கிராம் பொட்டலம்

எங்கள் பக்கத்தில் பூச்சிக்கொல்லியை யாரும் பூச்சிக்கொல்லி என்று சொல்வதில்லை. மருந்துதான். 'கத்திரிக்கு மருந்தடிக்கணும்' என்பார்கள். 'பாவம், அவன் மருந்தைக் குடிச்சிட்டான்' என்றாலும் அதே மருந்துதான். கேட்கிறவருக்கு இதில் எந்தக் குழப்பமும் வருவதில்லை.

ஒட்டன்சத்திரம் பக்கம் என் மாமா ஒருவர் அரை ஏக்கரில் கத்திரி போடுவார். மருந்தடிக்கிற நாளில் அவர் பின்னால் நடந்திருக்கிறேன். முதுகில் டேங்க், மூக்கைச் சுற்றி ஒரு துண்டு, வெறுங்கால். அளவெல்லாம் பாட்டில் மூடிக் கணக்கு. டேங்குக்கு இரண்டு மூடி, புழு கூடுதலாகத் தெரிந்தால் மூன்று. வரப்போரம் ஒடித்த ஒரு குச்சியால் கலக்குவார். பாட்டிலின் லேபிளில் சிவப்பு முக்கோணம் இருக்கும், அதற்குக் கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் எச்சரிக்கை. மாமா அதைப் படித்ததில்லை. கண்ணாடி போடாமல் என்னாலும் படிக்க முடியவில்லை.

இத்தனையும் ஒரு புழுவுக்காக. தண்டு மற்றும் காய்த் துளைப்பான் என்று வேளாண் துறை சொல்லும் புழு. அந்துப்பூச்சி இலையடியில் முட்டையிடும். முட்டையிலிருந்து வெளிவந்த புழு சில மணி நேரத்துக்குள் குருத்தையோ காயையோ துளைத்து உள்ளே போய்விடும், போன வழியைத் தன் எச்சத்தாலேயே அடைத்துக்கொள்ளும். மேலே தெளிக்கிற மருந்து அதன்மேல் படாது. விவசாயி என்ன செய்வார்? புழு வெளியே இருக்கிற அந்தச் சில மணி நேரத்தைப் பிடிக்கப் பார்ப்பார். அது எப்போது என்று தெரியாததால் வாரத்துக்கு இரண்டு முறை, காய்ப்புக் காலத்தில் அதற்கு மேலும் அடிப்பார். இன்று அடித்து நாளை பறித்து மறுநாள் சந்தைக்கு அனுப்புவதும் நடக்கும். நாமோ கூடையைக் கிளறி, ஓட்டை இல்லாத காயாகப் பார்த்துப் பொறுக்குகிறோம். அந்த ஓட்டை இல்லாத தோலுக்காகத்தான் டேங்க் நிரம்புகிறது.

சரி, மருந்தை வெளியே அடிப்பதற்குப் பதிலாகச் செடிக்குள்ளேயே வைத்துவிட்டால்? பி.டி. பயிர்கள் அந்த யோசனையில் பிறந்தவைதான். பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ், சுருக்கமாக பி.டி., என்பது மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா. 1901இல் ஜப்பானில் பட்டுப்புழுக்களைக் கொன்ற நோய்க்குக் காரணமாக முதலில் கண்டறியப்பட்டது. பிறகு ஜெர்மனியின் துரிஞ்சியா பகுதியில், மாவு அந்துப்பூச்சியின் புழுவில் கண்டுபிடித்தபோது அந்த ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டது. அது உண்டாக்கும் ஒரு புரதம், புழுவின் காரத்தன்மை கொண்ட குடலில் கரைந்து, குடல் சுவரில் தனக்கென இருக்கும் இடத்தில் ஒட்டி, ஓட்டை போட்டுவிடும். மனித வயிறு அமிலத்தன்மை கொண்டது, அந்தப் புரதம் ஒட்டிக்கொள்ளும் இடமும் நம் குடலில் இல்லை. இயற்கை விவசாயிகளே இந்தப் பாக்டீரியாவைத் தண்ணீரில் கலந்து பல பத்தாண்டுகளாகத் தெளித்து வருகிறார்கள். ஒரு வித்தியாசம்: தெளித்தது வெயிலில் சில நாளில் அழிந்துவிடும். செடிக்குள் மரபணுவாக ஏறியது பருவம் முழுக்கப் புரதத்தைச் சுரந்துகொண்டே இருக்கும். இந்த வித்தியாசத்துக்குப் பிறகு ஒருமுறை திரும்பி வருவோம், கதையின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது.

'இயற்கையில் கை வைக்கலாமா' என்ற கேள்வி இந்த விவாதத்தில் எப்போதும் முதல் ஆளாக வந்து நிற்கும். எனக்கு அதில் பெரிய பிடிப்பு இல்லை. காட்டுக் கத்திரி முள்ளும் கசப்புமாகச் சின்னதாக இருந்தது. பல தலைமுறை விவசாயிகள் தேர்ந்து தேர்ந்து விதையெடுத்ததால்தான் நம் குழம்பில் மிதக்கிற காய் வந்தது. எனக்குப் பெரிதாகப் படுகிற கேள்விகள் வேறு. ஆபத்தை இப்போது யார் சுமக்கிறார்? மாற்றம் வந்தால் அது யார் தலைக்கு மாறும்? அந்த முடிவை எடுக்கிறவர் யார்? விதை யாருடையது?

2009 அக்டோபர் 14ஆம் தேதி, மத்திய அரசின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு பி.டி. கத்திரிக்குப் பச்சைக்கொடி காட்டியது. அது மஹிகோ என்ற விதை நிறுவனம் உருவாக்கியது. கோவை வேளாண் பல்கலைக்கழகமும் தார்வாட் வேளாண் பல்கலைக்கழகமும் அதே மரபணுவைத் தங்கள் பகுதி ரகங்களில் ஏற்றும் வேலையில் கூட்டாக இருந்தன. அப்போது சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த ஜெய்ராம் ரமேஷ் அந்த ஒப்புதலில் உடனே கையெழுத்துப் போடவில்லை. 2010 ஜனவரி, பிப்ரவரியில் கொல்கத்தா, புவனேஸ்வர், அகமதாபாத், நாக்பூர், சண்டிகர், ஹைதராபாத், பெங்களூரு என்று ஏழு ஊர்களில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார். சுமார் 8,000 பேர் வந்தார்கள். கத்தினார்கள், அழுதார்கள், ஒருவர் பேச்சை ஒருவர் மறித்தார்கள். பிப்ரவரி 9 அன்று அவர் அறிவித்தது தடை அல்ல, காலவரையற்ற நிறுத்திவைப்பு.

அந்த முடிவைக் கேலி செய்வது எளிது, பலர் செய்தார்கள். ஆனால் அவர் சொன்ன காரணங்களில் ஒன்றிரண்டு இன்றும் கனமானவை. பாதுகாப்புப் பரிசோதனைகளைப் பெரும்பாலும் நடத்தியது விதையை விற்கப்போகிற நிறுவனமே. அந்தத் தரவுகள் பொதுவெளிக்கு வந்ததும் தானாக அல்ல, தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு, உச்ச நீதிமன்றம் வரை போன பிறகு வந்தது. அப்புறம், கத்திரி நம் மண்ணின் பயிர். நூற்றுக்கணக்கான நாட்டு ரகங்களும் காட்டு உறவுகளும் இங்கே இருக்கின்றன, மகரந்தம் தேனீயின் காலில் ஏறிப் பக்கத்து வயலுக்குப் போகும். வேலூர் முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை விளைவிக்கிற இலவம்பாடிக்காரரிடம், 'உங்கள் விதையில் வேறொன்று கலந்தாலும் பரவாயில்லையா' என்று யார் கேட்பது? கலந்த பிறகு கேட்டு என்ன பயன்?

அந்தக் கூட்டங்களில் இன்னொரு குரலும் இருந்தது. மருந்தடித்துக் களைத்த விவசாயிகளில் சிலர் அந்த விதையைக் கொடுங்கள் என்று கேட்டார்கள். நிறுத்திவைப்பு என்றால் எதுவும் நடக்காமல் இருப்பது என்று நகரத்தில் இருப்பவர்களுக்குத் தோன்றும். வயலில் அப்படி இல்லை, அங்கே மறுநாள் காலையும் டேங்க் நிரம்பியது. புதிய ஆபத்தைத் தள்ளிவைக்கிறோம் என்று நாம் சொல்லும்போது, பழைய ஆபத்தைத் தொடரச் சொல்கிறோம். அதைச் சுமக்கிற முதுகு நம்முடையதாக இருப்பதில்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம் கதை வேறாகப் போனது. வங்கதேசம் 2013 அக்டோபரில் அதே மரபணு ஏற்றிய நான்கு கத்திரி ரகங்களுக்கு அனுமதி தந்தது. 2014 தொடக்கத்தில் 20 விவசாயிகளுக்கு நாற்று கொடுத்தார்கள். 2018க்குள் அது 27,000 பேரைத் தாண்டிவிட்டது. அங்கே ஒரு முக்கியமான ஏற்பாடு இருந்தது. மஹிகோ மரபணுவை உரிமத்தொகை இல்லாமல் தந்தது. அதை அரசின் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் அந்த ஊர்க்காரர்களுக்குப் பழக்கமான, சாதாரண ரகங்களில் ஏற்றியது. இரு ரகங்களைக் கலந்து உண்டாக்கும் ஹைப்ரிட் இல்லை. விவசாயி இந்த ஆண்டு காயிலிருந்து விதையெடுத்து அடுத்த ஆண்டு போடலாம். பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒரு கைப்பிடி கொடுக்கலாம். பின்னர் நடந்த கள ஆய்வில் பூச்சிக்கொல்லிப் பயன்பாடு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்ததும், சந்தைக்குப் போகிற நல்ல காய் கணிசமாகக் கூடியதும் தெரிந்தது. மருந்து அடியோடு நின்றுவிடவில்லை. வெள்ளை ஈக்கும் அசுவினிக்கும் இந்தப் புரதம் ஒன்றும் செய்யாது, அவற்றுக்கு அடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். எனினும் முதுகிலிருந்த டேங்க் பல நாட்கள் கீழே இறங்கியது நிஜம்.

பிலிப்பைன்ஸ் 2022இல் பி.டி. கத்திரிக்கு அனுமதி கொடுத்தது. 2024 ஏப்ரலில் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஒரே மரபணுவுக்கு மூன்று நாடுகளில் மூன்று விதி.

இதையெல்லாம் பார்த்து 'இந்தியா பிழை செய்துவிட்டது' என்று முடிக்கத் தோன்றும். நம்மிடம் பருத்தி அனுபவம் இல்லாவிட்டால் நானும் அப்படித்தான் முடித்திருப்பேன்.

தொண்ணூறுகளில், நாட்டின் சாகுபடிப் பரப்பில் 5 சதவீதம் அளவே இருந்த பருத்தி, மொத்தப் பூச்சிக்கொல்லியில் கிட்டத்தட்ட பாதியைக் குடித்துக்கொண்டிருந்தது. காய்ப்புழு மருந்துக்குப் பழகிவிட்டிருந்தது. வாரங்கலில் 1997-98இல் பருத்தி விவசாயிகள் கொத்தாகத் தற்கொலை செய்துகொண்டார்கள், பலர் புழுவுக்கு வாங்கிய அதே மருந்தைக் குடித்து. இந்தப் பின்னணியில்தான் 2002 மார்ச்சில் பி.டி. பருத்திக்கு அனுமதி வந்தது. அதற்கு முந்தைய ஆண்டே குஜராத்தில் திருட்டுத்தனமாக ஒரு பி.டி. ரகம் ஏக்கர் கணக்கில் விளைந்திருந்தது தனிக்கதை. முதல் சில ஆண்டுகள் பலன் கண்கூடாக இருந்தது. காய்ப்புழுவுக்கு அடிக்கும் மருந்து மடமடவென்று குறைந்தது. பத்தாண்டு போவதற்குள் நாட்டுப் பருத்தியில் 90 சதவீதத்துக்கு மேல் பி.டி. ஆகிவிட்டது. கட்டாயப்படுத்தி ஒரு விதையை அவ்வளவு வேகமாகப் பரப்ப யாராலும் முடியாது. விவசாயிகள் விரும்பித்தான் வாங்கினார்கள்.

அந்த விதைப் பெட்டியைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே இரண்டு பொட்டலம் இருக்கும். பெரியதில் 450 கிராம் பி.டி. விதை. சின்னதில் 120 கிராம் சாதாரணப் பருத்தி விதை. வயலின் ஓரத்தைச் சுற்றி இந்தச் சாதாரண விதையை விதைக்க வேண்டும் என்பது விதி. ஏன் தெரியுமா? லட்சக்கணக்கான புழுக்களில் ஒன்றிரண்டு பி.டி. புரதத்தைத் தாங்கும் தன்மையோடு பிறந்துவிடும். வயல் முழுக்க, பருவம் முழுக்க பி.டி. என்றால் மற்றதெல்லாம் செத்து, இந்த ஒன்றிரண்டு மட்டும் ஒன்றோடொன்று கூடி அதே தன்மையுள்ள குஞ்சுகளைப் பெருக்கும். ஓரத்தில் சாதாரணச் செடி இருந்தால் அதில் சாதாரணப் புழுக்கள் சாகாமல் வளரும், தப்பித்த அந்துப்பூச்சிக்கு அவற்றில் ஒன்று ஜோடியாகக் கிடைக்கும், பிறக்கிற குஞ்சு பெரும்பாலும் பி.டி.யில் சாகும். அதாவது வயலின் ஒரு பகுதியைப் புழுவுக்கென்று படையலாக விட்டுவிட வேண்டும். அடைக்கலப் பயிர் என்று அதற்குப் பெயர்.

யாராவது விட்டார்களா? மிகச் சிலர். ஐந்து ஏக்கருக்குள் கடன் வாங்கிப் பருத்தி போடுகிற ஒருவரிடம், 'உன் நிலத்தின் ஓரத்தைப் புழு தின்னட்டும், அதனால் பத்து வருஷம் கழித்து ஊருக்கெல்லாம் நல்லது' என்று சொன்னால் என்ன செய்வார்? பொட்டலத்தைத் தூக்கிப் போடுவார். நான் அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்வேன். சில பொட்டலங்களில் முளைக்காத விதை இருந்தது என்ற புகாரும் அப்போதே உண்டு.

இங்கேதான் ஒழுக்கக் கேள்வி உண்மையிலேயே கடிக்கிறது என்று நினைக்கிறேன். புழு இன்னும் அந்தப் புரதத்துக்குச் சாகிறது என்பது ஒரு பொதுச் சொத்து, ஏரித் தண்ணீர் மாதிரி. ஒரே ஊரில் எல்லோரும் அளவில்லாமல் இறைத்தால் எல்லோருக்கும் வற்றும். அதை உருவாக்கியது எந்த நிறுவனமும் இல்லை, பட்டா எவரிடமும் இல்லை. அதைப் பயன்படுத்தித்தான் விதை விற்பனை நடந்தது. ஆரம்ப ஆண்டுகளில் ஒரு பெட்டி 1,600 ரூபாய்க்கு மேல் விற்றது, அதில் 1,250 ரூபாய் வரை தொழில்நுட்பக் கட்டணமாகப் போனது. ஆந்திர அரசு 2006இல் தலையிட்ட பிறகுதான் விலை 750க்கு இறங்கியது. லாபத்தை எடுத்தவர்கள் ஏரியைக் காக்கும் பொறுப்பை ஒரு 120 கிராம் பொட்டலத்தில் மடித்துச் சிறு விவசாயியின் கையில் கொடுத்துவிட்டார்கள். அவர் பொட்டலத்தைத் தூக்கிப் போட்டதும் 'விவசாயி விதிமுறையைப் பின்பற்றவில்லை' என்று அறிக்கை வந்தது.

இன்னொரு விஷயமும் சேர்ந்தது. உலகில் பருத்தி விளையும் பெரிய நாடுகளில் பெரும்பாலும் சாதாரண ரகங்களில்தான் பி.டி. மரபணு ஏற்றப்பட்டது. இந்தியாவில் மட்டும் ஏறக்குறைய எல்லாமே ஹைப்ரிட். பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமை பற்றிய நம் 2001ஆம் ஆண்டுச் சட்டம் விவசாயிக்கு விதையைச் சேமிக்கவும் பகிரவும் உரிமை தருகிறது. ஹைப்ரிட் விதையைச் சேமித்தால் அடுத்த ஆண்டு குணம் சிதறிவிடும், எனவே ஒவ்வொரு ஆண்டும் கடைக்குப் போக வேண்டும். சட்டம் கொடுத்ததை விதையின் உயிரியலே பிடுங்கிக்கொண்டது. வியாபாரத்துக்கு இது வசதி. புழுவுக்கும் வசதிதான். ஹைப்ரிட் செடியின் காய்க்குள் இருக்கும் விதைகளில் சிலவற்றில் மரபணு இருக்கும், சிலவற்றில் இருக்காது. இளஞ்சிவப்புக் காய்ப்புழு விதை விதையாகத் தின்று நகரும் புழு. கொல்லும் அளவுக்கு இல்லாமல் பழக்கும் அளவுக்கு அதற்கு விஷம் கிடைத்தது. கூடவே, ஆறு மாதத்துக்கு மேல் வயலில் நிற்கும் நீண்ட காலப் பயிர், புழுவுக்கு நான்கைந்து தலைமுறைச் சாப்பாடு.

2010இல் குஜராத்தின் சில மாவட்டங்களில் முதல் பி.டி. மரபணுவை இளஞ்சிவப்புக் காய்ப்புழு தாண்டிவிட்டது உறுதியானது. இரண்டு மரபணு ஏற்றிய அடுத்த விதையையும் அதற்கடுத்த சில ஆண்டுகளில் தாண்டியது. நாக்பூர் மத்தியப் பருத்தி ஆராய்ச்சி நிறுவனத்தின் முன்னாள் இயக்குநர் கேசவ் கிராந்தி, மானுடவியலாளர் கிளென் ஸ்டோனுடன் சேர்ந்து 2020இல் வெளியிட்ட ஆய்வு சொன்னது இது: இந்தியப் பருத்தி விவசாயி பூச்சிக்கொல்லிக்குச் செலவிடும் தொகை, பி.டி. வருவதற்கு முன்பிருந்ததைவிட இப்போது கூடுதல்.

2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் அந்தச் செலவின் இன்னொரு முகம் தெரிந்தது. பி.டி. பருத்திச் செடி அந்த ஆண்டு ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. கூலிக்கு மருந்தடிக்கப் போனவர்கள் தலைக்கு மேலே தெளிக்க வேண்டியிருந்தது, தெளித்தது முகத்திலேயே இறங்கியது. 20க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள், சிலருக்குப் பார்வை போனது. அவர்களில் பலர் நிலத்துக்குச் சொந்தக்காரர்களே இல்லை. விதை வாங்கும் முடிவில் அவர்களுக்குப் பங்கு கிடையாது. மருந்தைக் குறைக்க வந்த பயிரின் வயலில் மருந்தால் செத்தார்கள்.

அதே புழுவை அமெரிக்கா 2018இல் தன் பருத்தி நிலங்களிலிருந்து ஒழித்துவிட்டதாக அறிவித்தது. அங்கேயும் பி.டி. பருத்திதான். கூடவே அடைக்கலப் பயிர், அறுவடை முடிந்ததும் கட்டையை உழுது அழித்தல், மலடாக்கிய அந்துப்பூச்சிகளை விமானத்திலிருந்து கொட்டுதல், எல்லாவற்றையும் ஊர் கூடிச் செய்தார்கள். நம்மிடம் விதை வந்தது, கூட வர வேண்டியவை வரவில்லை. சாதாரண விதையைப் பெட்டிக்குள்ளேயே கலந்து விற்கும் முறை இங்கே வந்தபோது புழு ஜெயித்து முடித்திருந்தது.

மரபணு மாற்றுப் பயிர் என்றதும் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டுவதும் சரியில்லை. களைக்கொல்லியைத் தாங்கும் பருத்தி ஒன்று மகாராஷ்டிரத்திலும் அக்கம்பக்கத்திலும் அனுமதியில்லாமல் பரவியிருக்கிறது. 2019இல் அகோலா மாவட்டத்தில் விவசாயிகள் கூடி அதைப் பகிரங்கமாகவே விதைத்துக் காட்டினார்கள். அதன் வேலையே களைக்கொல்லியைத் தாராளமாக அடிக்க விடுவது. மருந்தைக் குறைக்கும் கணக்கில் அது வரவே வராது. களையெடுக்கும் பெண்களின் கூலி நாட்களையும் அது தின்னும். களையெடுப்புக்கு ஆள் கிடைக்காமல் திண்டாடும் விவசாயிக்கு அதே காரணத்தால் அது பிடிக்கிறது. இரண்டு பேர் சொல்வதும் பொய்யில்லை.

மரபணுவைத் தொடாமலே கத்திரிப் புழுவைக் கட்டுப்படுத்தும் வழியும் இருக்கிறது. வாடித் தலைசாய்ந்த குருத்தை வாரம் தவறாமல் கிள்ளி எடுத்து எரிக்க வேண்டும், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு புழு இருக்கும். இனக்கவர்ச்சிப் பொறி வைத்து ஆண் பூச்சிகளைப் பிடிக்க வேண்டும். அறுவடை முடிந்த கட்டையை வயலில் விட்டுவைக்கக் கூடாது. அப்போது ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் இருந்த புனுக்குளா மாதிரி ஊர்கள் ரசாயன மருந்தே இல்லாமல் விவசாயம் செய்து காட்டியிருக்கின்றன. ஜெய்ராம் ரமேஷும் தன் முடிவில் ஆந்திரத்தின் இந்த முயற்சியைச் சுட்டினார். ஆனால் ஒரு வயலில் மட்டும் கிள்ளினால் போதாது, பக்கத்து வயல்காரரும் கிள்ள வேண்டும். கிள்ளுகிற வேலை யார் தலையில் விழும் என்று சொல்லத் தேவையில்லை, எங்கள் வீட்டில் அது அத்தையின் வேலை. இதற்கும் ஊர் கூட வேண்டும், கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும், அரசு காசு போட வேண்டும். அடைக்கலப் பயிருக்கு எது இல்லாமல் போனதோ அதுவேதான் இதற்கும் வேண்டும்.

நிறுத்திவைப்பு வந்து ஒன்பது வருஷம் கழித்து, 2019இல் ஹரியானாவின் ஃபதேஹாபாத்தில் ஒரு வயலில் பி.டி. கத்திரி விளைந்திருந்தது பிடிபட்டது. செடிகளைப் பிடுங்கி அழித்தார்கள். முற்றின கத்திரிக்காய் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகும். அனுமதியும் இல்லாமல், கண்காணிப்பும் இல்லாமல், எந்த விதை எங்கிருந்து வந்தது என்ற கணக்கும் இல்லாமல் வந்தது. முடிவெடுக்காமல் இருந்தால் அந்த முடிவைத் திருட்டு விதைக்காரர் எடுத்துவிடுகிறார்.

போன தடவை ஊருக்குப் போனபோது இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். மோட்டார் கொட்டகைத் திண்ணையில் உட்கார்ந்து டேங்கின் நாசிலை ஊசியால் குத்திச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். வங்கதேசக் கதையை மட்டும் இரண்டு தடவை கேட்டார். பாக்டீரியா, புரதம், மனித வயிறு எதைப் பற்றியும் கேள்வி வரவில்லை.

"ஏன் மாப்ள, அதுல விதை எடுத்து வைக்கலாமா?"

"அங்க எடுத்து வைக்கிறாங்க மாமா. இங்க பருத்தியில முடியாது."

"கத்திரியில?"

"யார் விக்கிறாங்க, எந்த ரகத்துல ஏத்துறாங்கங்கிறதைப் பொறுத்தது."

"அப்ப அது தெரிஞ்சப்புறம் வந்து சொல்லு" என்று நாசிலை வாயில் வைத்து ஊதிப் பார்த்தார். அடைப்பு எடுத்துவிட்டது. டேங்கை முதுகில் ஏற்றிக்கொண்டு வரப்பில் இறங்கினார்.